பெரட்டில் சொல்லாத சாவு

பங்களா நாய் விசர் பிடித்துச் செத்தது. அது செத்ததை அவர்கள் உன்னிடம் சொல்லவில்லை. அதனால் நீ செத்தாய்.

இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. எழுதினாலும் நீ கேலி செய்வாய். "என்னடி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?" என்பாய்.

இன்று காலையிலிருந்து பதுளையில் மழை. நான் வேலை செய்யும் துணிக்கடையின் படியில் ஒரு நாய் வந்து ஒதுங்கியது. பழுப்பு நிறம், தொங்கிய காது, கழுத்தில் தோல் பெல்ட். எங்கோ ஒரு வீட்டில் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தது. எதற்கோ பயந்து ஓடி வழி தவறியிருக்க வேண்டும். நனைந்த நாயின் வாடை கடைக்குள் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேலை பார்க்க வந்த ஒரு பெண்ணின் சின்ன மகள் அம்மாவின் கையை விட்டு நழுவிப்போய், நாயின் வாய்க்கு நேராகக் கையை நீட்டினாள். தாய் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பயப்புடாத மகள், பெல்ட் கட்டியிருக்கு. வீட்டு நாய்தான், ஒண்ணும் செய்யாது" என்றாள்.

நான் கத்திவிட்டேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று நினைவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது. தாய் என்னை முறைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார்.

"என்ன புள்ள இது? கடைக்கு வந்தவங்ககிட்ட இப்புடியா சத்தம் போடுறது?"

"பெல்ட் இருந்தா என்ன மொதலாளி? ஊசி போட்டிருக்குன்னு பெல்ட்டுலயா எழுதியிருக்கு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். உன்னைப் பற்றி அவருக்குத் தெரியும். உனக்குப் போர்த்திய வெள்ளைத் துணி அவர் கடைத் துணி. "சரி, நீ அதப் பாரு. நான் அவங்களப் பாத்துக்குறேன்" என்று தாயின் பக்கம் போனார்.

பின்பக்கம் கிடந்த ஒரு பழைய தட்டில் தண்ணீர் எடுத்தேன். கிட்டே போகாமல், துணி அளக்கும் கோலால் தட்டைத் தள்ளி அதன் முன்னால் வைத்தேன். நாய் முகர்ந்து பார்த்தது. குடித்தது. தண்ணீர் தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்தேன். இறங்கியது. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

தண்ணீர் வைக்கச் சொன்னது நீ. தொண்டையைப் பார்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரியாது. அதை நான் உன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

நீயும் நானும் நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரே லயத்து வீடுகளில், நடுவில் ஒரு சுவரை வைத்து வளர்ந்தவர்கள். நீ இருமினால் எனக்குக் கேட்கும். என் வீட்டில் சண்டை வந்தால் நீ சுவரில் தட்டுவாய். பரீட்சை எழுதி முடித்ததும் நான் பஸ் ஏறி டவுனுக்கு வேலைக்குப் போனேன். உன் அப்பா அதற்கு முன்பே செத்துப்போயிருந்ததால் நீ கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாய். பின்னேரம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது நீ பீலியில் குளித்துக்கொண்டிருப்பாய். மலையிலிருந்து குழாய் வழியே இறங்கி, இரவும் பகலும் நிற்காமல் கொட்டும் அந்த ஊற்றுத் தண்ணீருக்கு மிகக் கிட்டே இருந்தது உன் வீட்டு வாசல். அந்தச் சத்தத்தில் நமக்குத் தூக்கம் வரும். வெளியூர் போனால் அது இல்லாமல் தூக்கம் வராது என்று நீ சொல்வாய். நீ எந்த வெளியூருக்கும் போனதில்லை. தைப்பொங்கலுக்கு ஒருமுறை மொனராகலையில் மாமா வீட்டில் ஓர் இரவு தங்கினாய், அவ்வளவுதான்.

வழி தவறிய நாய்கள் எல்லாம் எப்படியோ உன்னிடம்தான் வந்து சேரும். ரோட்டில் யாராவது குட்டிகளைப் பெட்டியோடு வைத்துவிட்டுப் போவார்கள். திருவிழா வெடிக்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்து நாய் ஓடி வரும். நீ நேராக அதனிடம் போக மாட்டாய். சிரட்டையில் தண்ணீரை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்வாய். "கண்ணப் பாக்காதடி. கண்ணப் பாத்தா சண்டைக்கு வர்றோம்னு நெனைக்கும். நம்ம கணக்கப்பிள்ள மாதிரி" என்பாய். அதுவாக வந்து உன் கையை முகரும்வரை நீ அசைய மாட்டாய். பிறகு லயம் லயமாகப் போய்க் கேட்பாய்.

"ஏங்க, ஒங்க வீட்டுல எதுவும் காணாமப் போச்சா?"

"ஆமா, எம்புருசன் காணோம். கெடச்சா நீயே வச்சுக்க."

"ஐயோ, அதுக்குச் சோறு போட என்னால முடியாதுக்கா. இது நாயி. சொன்னாக் கேக்கும்."

சொந்தக்காரர் கிடைத்தால் கொடுத்துவிடுவாய். கிடைக்காவிட்டால் ஒரு பழைய சேலைக் கரையைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டுவாய்.

இந்தச் சேலைக் கரை விஷயம் உன்னிடமிருந்துதான் தொடங்கியது. நம் தோட்டத்தில் எதையும் பெரட்டில்தான் சொல்வார்கள். விடிந்ததும் எல்லாரும் களத்தில் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பேர் வாசித்து, யார் எந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டும் என்று பிரித்துவிடும் நேரம் அது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்பதை அங்கேதான் சொல்வார்கள். யார் வீட்டு ஆடு தேயிலைக்குள் போனது என்பதையும் அங்கேதான் சொல்வார்கள். ஒருநாள் அங்கே நின்று கணக்கப்பிள்ளை சொன்னார்: "கழுத்துல பெல்ட் இல்லாத நாயெல்லாம் கட்டாக்காலிதான். நாளைக்கு வந்து புடிச்சிட்டுப் போயிருவாங்க. அப்புறம் வந்து அழக்கூடாது."

அன்று பின்னேரம் நீ வீடு வீடாகப் பழைய சேலை கேட்டாய். மறுநாள் காலையில் லயத்து நாய்கள் எல்லாம் கழுத்தில் கரை கட்டிக்கொண்டு நின்றன. ஒன்றுக்கு ஜரிகைக் கரை. அது உன் அம்மாவின் கூறைச் சேலை என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காக நீ வாங்கிக் கட்டிக்கொண்டாய். பிடிக்க வந்தவர்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள். கணக்கப்பிள்ளை உன்னைப் பார்த்தார்.

"என்னா இது, நாய்க்கெல்லாம் கல்யாணமா?"

"ஆமாங்க ஐயா. வந்ததுதான் வந்துட்டீங்க, மொய் வச்சிட்டுப் போங்க."

லயமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இப்போது யோசித்தால், அந்தக் காலையில் நாம் எல்லோரும் ஒரு பாடத்தைப் பிசகாகப் படித்துக்கொண்டோம். கழுத்தில் எதையாவது கட்டியிருந்தால் அது ஒருவருடைய நாய். ஒருவருடைய நாய் என்றால் அதற்கு ஊசி போட்டிருக்கும், அது ஆபத்தில்லை. நம் நாய்களுக்கு நாம் கட்டியது வெறும் துணி என்று நமக்குத் தெரியும். ஆனால் தோட்டத்தை நடத்தும் துரை குடியிருக்கும் பங்களாவின் நாய்க்குப் பளபளவென்று தோல் பெல்ட். அதில் பித்தளை வளையம். அதற்குப் பின்னால் ஒரு டாக்டர், ஒரு ஊசி, ஒரு ஜீப் எல்லாம் இருக்கும் என்று நாம் நம்பினோம். நம்மிடம் இல்லாததெல்லாம் பங்களாவில் ஒழுங்காக இருக்கும் என்று நம்புவதற்குத்தானே நம்மைத் தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்த நாய் காணாமல் போனது. அதையும் பெரட்டில் சொன்னார்கள். "தொர வீட்டு நாயக் காணோம். மலையில எங்கயாச்சும் பாத்தா ஒடனே பங்களாவுக்கு வந்து சொல்லணும்." பங்களாவில் சமைக்கும் அப்பு லயத்துக்கும் வந்து கேட்டுவிட்டுப் போனார். சேலைக் கரை கட்டிய நம் நாய் காணாமல் போனால் பெரட்டில் சொல்வார்களா என்று நீ அப்புவிடம் கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதைக் கண்டுபிடித்தது நீ. மேல்மலையில் கொழுந்து பறிக்கும்போது, தேயிலைக்கு நடுவில் தண்ணீர் வடிவதற்காக வெட்டிய கானுக்குள் அது கிடந்தது. வாய் திறந்தபடி. எச்சில் நூலாக வடிந்தபடி. குரைக்கப் பார்த்தது, சத்தம் வரவில்லை. பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எட்டி நின்றார்கள். லயத்து நாய் அப்படிக் கிடந்திருந்தால் அவர்கள் உன்னைக் கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். நீயும் போயிருக்க மாட்டாய். கழுத்தில் பித்தளை வளையம் மின்னியது. "பங்களா நாய்டி, பாவம், எலும்பு கிலும்பு சிக்கியிருக்கும்" என்று ஒருத்தி சொன்னாள். நீ கூடையை இறக்கி வைத்தாய். கானுக்குள் இறங்கினாய். அதன் வாய்க்குள் கையை விட்டு, தொண்டை வரைக்கும் எலும்பைத் தேடினாய்.

எலும்பு இல்லை. உன் புறங்கையில் பல் பட்டு ஒரு கீறல் மட்டும்.

கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்கின் கயிற்றை அதன் கழுத்துப் பெல்ட்டில் கட்டி, பாதித் தூரம் நடத்தியும் பாதித் தூரம் தூக்கியும் பங்களாவுக்குக் கொண்டுபோனாய். பின்வாசலில் துரையின் மனைவி, துரைசாணி, ஓடி வந்தாள். அவளிடம் நீ சொன்னதை எனக்கும் அப்படியே சொல்லிக் காட்டினாய்: "தொண்டையில ஏதோ சிக்கியிருக்குங்க. நான் கைய விட்டுப் பாத்தேன், அம்புடலைங்க." துரையும் அங்கே நின்றார். அப்புவும் நின்றார். மூன்று பேரும் அதைக் கேட்டார்கள். துரைசாணி உன் கையில் ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்து, "தேங்க்யூ சோ மச்" என்றாள். அதை அவள் குரலிலேயே நீ லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தாய். உன் அம்மா சோறு போட்டால் தேங்க்யூ சோ மச். நான் பிஸ்கட்டை எடுத்தால் தேங்க்யூ சோ மச்.

பின்னேரம் பீலியில் எனக்குக் கையைக் காட்டினாய். நான் கேட்டேன்.

"கடிச்சிருச்சா?"

"கடிக்கலடி. பல்லுதான் பட்டுச்சு."

"நாளைக்கு என்னோட பஸ்ல வா. பெரியாஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டுட்டு வந்துருவோம்."

"எதுக்கு? நாளைக்குப் போனா பேரு போயிரும். அது பங்களா நாய்டி. அதுக்கெல்லாம் வருசா வருசம் ஊசி. நம்மளுக்குத்தான் ஒண்ணும் போடல."

லயத்தில் வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கையைத் தண்ணீரில் ஒரு தடவை காட்டி உதறினாய். துணி துவைக்கும் கல்லின் மேல் சவர்க்காரம் இருந்தது. பீலி கொட்டிக்கொண்டே இருந்தது. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும், பிறகு எந்த நாய் என்றாலும் யார் வீட்டு நாய் என்றாலும் ஊசிக்கு ஓட வேண்டும் என்று நமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. பெரட்டில் எத்தனையோ சொல்கிறார்கள். இதை ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீ அறியவே இல்லை. அதனால் சொல்கிறேன்.

அந்த நாய் பங்களாவில் ஓரிரு நாள்தான் இருந்தது. டவுனிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார்; அது மட்டும்தான் லயத்துக்குத் தெரியும். பார்த்த உடனேயே, வீட்டில் இருக்கிற எல்லோரும் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். "வேற யாராவது தொட்டாங்களா?" என்றும் கேட்டார். யாரும் தொடவில்லை என்றார் துரை. நாய் செத்தது. பங்களாத் தோட்டத்தின் பின்னால் புதைத்தார்கள். துரை, துரைசாணி, சோறு வைத்த அப்பு எல்லோரும் ஜீப்பில் பதுளைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருமுறை இல்லை, போட வேண்டிய எல்லா முறையும். ஜீப் நம் மலைக்குக் கீழே உள்ள ரோட்டில்தான் போகும். நீ மேலே நிரையில் நின்று பறித்துக்கொண்டிருந்தாய். ஜீப்பில் ஒரு இடம் இருந்தது.

விஷயம் வெளியே போனால் லயத்தில் பயம் கிளம்பும், வேலைக்கு வர மாட்டார்கள் என்று துரை சொன்னாராம். அதனால் அப்புவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றாராம். இதையெல்லாம் அப்பு எனக்குச் சொன்னது உன்னை அடக்கம் செய்த பிறகு. வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றார்.

"அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அப்பு?"

"சொல்லியிருக்கலாம்மா. வேல போயிரும்னு பயந்துட்டேன்."

"இப்ப?"

"இப்ப நானே விட்டுட்டேன். அந்தப் புள்ளைக்குப் பிஸ்கட் பெட்டிய எடுத்துக் குடுத்தது நாந்தான். என்னால அந்தக் குசினியில நிக்க முடியல."

அவரைத் திட்ட எனக்கு வார்த்தை நிறைய இருந்தது. பஸ் வந்துவிட்டது. அவருடைய பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

நீ வாரக்கணக்கில் நன்றாகத்தான் இருந்தாய். பிறகு ஒருநாள் கீறல் பட்ட இடத்தில் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது என்றாய். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கீறியிருக்கும் என்று நீயே காரணமும் சொன்னாய். காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கினாய். அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது.

"அம்மா, கதவச் சாத்து."

"சாத்தித்தான் இருக்கு தாயி."

"பீலிய நிறுத்தச் சொல்லும்மா. யாரையாச்சும் போயி நிறுத்தச் சொல்லு."

அதை யாராலும் நிறுத்த முடியாது. நீ பிறந்த நாளிலிருந்து கேட்ட சத்தம். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை நீ தட்டிவிட்டாய். பிறகு அழுதுகொண்டே, "வேணும்னு தட்டலம்மா, தொண்ட தானா இழுக்குது" என்றாய். நான் சுவரில் தட்டினேன். நீ திருப்பித் தட்டவில்லை. விடிவதற்குள் ஒரு வேனைப் பிடித்து உன்னை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் உனக்குச் சொன்னேன். ஏதாவது நாய் கடித்ததா? "கடிக்கலங்க" என்றாய். தெரியாத நாய், வழி தவறி வந்த நாய் எதையாவது தொட்டாயா? "தெரியாத நாய் இல்லைங்க. பங்களா நாய். தொண்டையில கைய விட்டேன்" என்றாய். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த நாய் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

நீ சொன்னாய்: "நல்லாருக்குங்க. டாக்டரெல்லாம் வந்து பாத்தாங்க."

நல்லாருக்குங்க. அந்த நாய் மண்ணுக்குள் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. சாகும்போதும் நீ அது பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் போனாய். உன் கையால் ஒரு உயிரைக் காப்பாற்றினாய் என்று நினைத்தாய். இந்த ஒன்றுக்காக மட்டும், அவர்கள் சொல்லாமல் விட்டதே நல்லது என்று சில நாள் எனக்குத் தோன்றும். அடுத்த நிமிஷமே எனக்கு என் மேலேயே வெறுப்பு வரும்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அறிகுறி வந்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வலி தெரியாமல் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கீறல் பட்ட அன்றே வந்திருந்தால், ஏன், ஓரிரு நாள் கழித்து வந்திருந்தால்கூட, நீ வேலைக்குத் திரும்பிப் போயிருப்பாய் என்றார். ஊசிக்குக் காசும் இல்லை. கேட்டால் கொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இன்று கடைக்கு வந்த அந்த நாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போனில் படம் எடுத்து, பஜாரில் தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கடைப் பின்கட்டில் தனியாக அடைத்து, ஒருவரையும் கிட்டே விடவில்லை. மத்தியானம் ஒரு மனிதர் குடையும் இல்லாமல் நனைந்துகொண்டு ஓடி வந்தார். நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் அவரை அப்படியே விட்டுவிடவில்லை.

"அண்ணே, இதுக்கு விசர்நாய் ஊசி போட்டிருக்கா?"

"என்ன தங்கச்சி, எங்க நாயப் பாத்தா அப்புடியா இருக்கு?"

"எப்புடி இருந்தாலும் கேப்பேன். போட்டிருக்கா?"

அவர் முகம் மாறியது. போட்டிருக்கிறது என்றார், எப்போது என்றும் சொன்னார். இன்னும் கொஞ்ச நாளைக்கு அதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஆனால் இந்தக் கடைக்கு வந்து சொல்லுங்கள் என்றேன். முதலாளி கல்லாவிலிருந்து தலையை ஆட்டினார். என்னைப் பைத்தியம் என்று அந்த மனிதர் நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். என் கைப்பையில் எப்போதும் ஒரு துண்டு சவர்க்காரம் இருக்கிறது. வழியில் நாயைப் பார்த்தால் எனக்கு முன்னைப்போல அன்பு முதலில் வருவதில்லை, கேள்விதான் முதலில் வருகிறது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது. உன் பொறுமை எனக்கு வரவில்லை. உன்னைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருக்க என்னால் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அப்பு பஸ் ஏறிய அன்றிரவே, அவர் சொன்னதை உன் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் காலை, நான் வேலைக்குப் போகாமல் உன் அம்மாவோடு பெரட்டுக்குப் போனேன். நீ போன பிறகு அம்மா அன்றுதான் முதல்முறையாக வேலைக்கு வந்தாள். கணக்கப்பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "லயத்து நாய் கடிச்சு ஒரு உசுரு போயிருச்சு. இனிமே லயத்துல ஒரு நாயும் இருக்கக் கூடாது. துணி கட்டினதும் சரி, கட்டாததும் சரி, எல்லாத்தையும் புடிச்சுக் குடுத்துரணும்."

மேல் ரோட்டில் ஜீப் நின்றது. துரை உள்ளே இருந்தார். நான் முன்னால் போனேன்.

"எந்த நாய் கடிச்சுச்சுங்க? சொல்லுங்க, எந்த நாயி?"

கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. "நீ தோட்டத்துப் பேர்ல இல்லாதவ. பெரட்டுல பேசறதுக்கு ஒனக்கு உரிமை கெடையாது. தள்ளி நில்லு" என்றார். பேர் வாசிக்கத் தொடங்கினார்.

அவர் சொன்னது தோட்டத்துச் சட்டத்தில் உண்மை. பின்னாலிருந்து என் தோளைத் தொட்டு ஒதுக்கிவிட்டு உன் அம்மா முன்னால் வந்தாள். உன் அம்மா. துரை எதிரே வந்தால் கானுக்குள் இறங்கி நின்று வழிவிடுகிறவள். கூடையைக் கழற்றிக் கணக்கப்பிள்ளையின் காலடியில் வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. மேலே ஜீப்பைப் பார்த்தாள்.

"எம்பேரு இருக்குல்ல ஐயா? நான் கேக்குறேன்."

கணக்கப்பிள்ளை வாசிப்பதை நிறுத்தினார். மேலே ஜீப்பின் கண்ணாடி பாதி ஏறியது, அப்படியே நின்றது. களத்தில் நின்ற அத்தனை பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாயக் காணோம்னு இந்த எடத்துல நின்னுதான சொன்னீங்க. அது செத்துருச்சுன்னு ஏன் சொல்லல? இந்த எடத்துலயே நின்னு சொல்லுங்க. எம்மக காதுல விழல, எங்காதுலயாச்சும் விழட்டும். சொல்லுங்க ஐயா."